பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் பயன் பதிவேட்டுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டை ஒட்டி வாழும் மீனவர், இருளர் குடும்பங்கள் சேர்ந்து அமைத்த குழுவின் சார்பில் இதை எழுதுகிறோம். இந்தக் காட்டால் எங்களுக்கு என்ன கிடைக்கிறது, எவ்வளவு கிடைக்கிறது என்பதை ஓராண்டு முழுவதும் எடைபோட்டு எழுதிவைக்கவும், தூர்ந்துபோன சில வாய்க்கால்களைத் திறந்துவிடவும் 6,40,000 ரூபாய் தேவைப்படுகிறது.

கணக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில், காடு அழிந்தால் உங்களுக்கு எத்தனை ரூபாய் நஷ்டம் என்று எங்களைக் கேட்டார்கள். எவராலும் பதில் சொல்ல முடியவில்லை. படகு சவாரிச் சீட்டுப் பணத்துக்கு மட்டுமே காகிதம் இருந்ததால், அந்தத் தொகையையே காட்டின் வருமானமாக எழுதிக்கொண்டு போனார்கள்.

எழுதப்படாமல் போனது எது என்பதை எந்த நாள் காலையிலும் கழிமுகத்தில் பார்க்கலாம். நீர் வற்றும் நேரம் பார்த்து இறங்கும் இருளர் பெண், இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றை இரு கைகளாலும் தடவி இறாலைப் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் பறிக் கூடைக்குள் போடுகிறார். வலையும் படகும் இல்லாத இந்தத் தொழிலின் பிடிப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. கரையில் நிற்கும் வியாபாரி கண்ணளவாகப் பார்த்துச் சொல்வதே எடை, அவர் கொடுப்பதே விலை. களி நண்டு, மடவை, கொடுவா ஆகியவற்றின் கதையும் பெரும்பாலும் இதுதான்.

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில், காட்டின் மறைவில் இருந்த குடியிருப்புகளுக்குச் சேதம் குறைவாக இருந்தது. தரையின் உயரமும் கடலிலிருந்து இருந்த தூரமும் அதற்குக் காரணம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. அதை மறைத்து உங்களிடம் பணம் கேட்க எங்களுக்கு விருப்பமில்லை. உயிர்களுக்கு ரூபாயில் மதிப்புப் போடவும் போவதில்லை. உலகத்துக்கு இயற்கை செய்யும் பணிகளின் மதிப்பு ஆண்டுக்குச் சராசரியாக 33 லட்சம் கோடி டாலர் என்று 1997இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவ்வளவு பெரிய எண்ணை வைத்துக்கொண்டு கிள்ளைப் பேரூராட்சியில் ஒரு மனுவும் கொடுக்க முடியாது என்பதால், எங்களுக்கு வேண்டியது 60 வீடுகளின் கணக்கு.

தினமும் கரையேறும் பிடிப்பை எங்கள் ஊர் இளைஞர்கள் எட்டுப் பேர் தராசில் நிறுத்து, அன்றைய கரைவிலையோடு எழுதி, டீசல், வலை, கூலி ஆகிய செலவுகளைக் கழிப்பார்கள். காடு குஞ்சாக வளர்த்த இறாலை ஒரு முறையும், வலையில் விழுந்த அதே இறாலை மறுமுறையும் சேர்த்து எண்ணும் தவறு நேராமல் பார்த்துக்கொள்வோம். தில்லை மரத்துக்கு மட்டும் விலைப் பத்தி இராது. சிதம்பரத்துக்கே தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரத்துக்கு யார் விலை வைப்பது?

வாய்க்கால் பணிக்கும் காரணம் உண்டு. கடந்த நூற்றாண்டின் எழுபதுகள் வரை இங்கே பகுதி பகுதியாக மரங்களை அடியோடு வெட்டியதில், வெயில் பட்ட சேற்று நிலம் காய்ந்து பள்ளமாக இறங்கியது. அதில் தேங்கிய கடல் நீர் ஆவியாகி உப்பு ஏற, கன்றுகள் முளைக்கவில்லை. 1990களில் மீன் முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஏற்றவற்ற நீர் வந்துபோக வழி செய்த பிறகே காடு மீண்டது. ஆனால் அந்த வாய்க்கால்களில் வண்டல் படிந்துகொண்டே இருக்கும், அவற்றை அவ்வப்போது தூர்வாரியாக வேண்டும். வனத்துறையின் அனுமதி கிடைத்த பிறகே அதில் மண்வெட்டி வைப்போம்.

தொகையில் 3,84,000 ரூபாய் இளைஞர்களின் ஓராண்டு ஊதியம், தலைக்கு மாதம் 4,000 வீதம். தராசுகளுக்கும் உப்பளவு மானிக்கும் 46,000. தூர்வாரும் கூலிக்கு 2,10,000. அனுமதி கிடைக்காவிட்டால், தூர்வாரும் கூலிக்கான தொகையை நன்கொடையாளர்களுக்கே விகிதப்படி திருப்பித் தருவோம்.

நூறு ரூபாயானாலும் ரசீது உண்டு. குழுவின் வங்கிக் கணக்கில் மட்டுமே பணம் செலுத்துங்கள். எங்கள் பெயரைச் சொல்லி வீடு தேடி வருபவரிடம் கொடுக்க வேண்டாம். வரவு செலவை மாதந்தோறும் படகுத்துறைப் பலகையில் ஒட்டுவோம். பதிவேடு முடிந்ததும் அதன் நகல் நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் வந்து சேரும்.

இங்ஙனம்,
குழுவினர்