கலுங்கில் ஏறிய ஒரு முழம்

அன்புள்ள கீச்சு,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். என்ன காரணம் சொன்னாலும் அது சமாளிப்பாகத்தான் இருக்கும், அதனால் மன்னித்துக்கொள் என்று மட்டும் கேட்கிறேன். அப்பாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. நம் தோழி டைனமோவுக்கு இரண்டாவதும் பெண், தாயும் பிள்ளையும் சுகம். வார்டன் அக்காவை மதுரையில் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். எடுத்த எடுப்பில் கேட்டது, "அந்தக் கீச்சுக்குரல் இன்னும் குறையலையா?" என்றுதான். குறையவே குறையாது என்று சொல்லி அனுப்பினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆனியில் மூன்று வாரம் ராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர் பக்கம் இருந்தேன். ஊர்க்காரர்களும் ஒரு தொண்டு நிறுவனமும் சேர்ந்து ஐந்து வருஷமாகக் கண்மாயைச் சீர் செய்திருக்கிறார்கள். அந்த வேலை எப்படி நடந்திருக்கிறது, மழை பொய்க்கிற காலத்தை ஊர் தாங்குமா என்று மதிப்பிட்டுச் சொல்லும் பொறுப்பு எனக்கும் இன்னும் இருவருக்கும். போன இடத்தில் பார்த்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நீதான் கேட்டாக வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே நல்ல வேலை. கண்மாய் உள்வாய், அதாவது தண்ணீர் தேங்கும் உட்பகுதி, முழுக்கச் சீமைக்கருவேல் மண்டி ஆள் நுழைய முடியாமல் கிடந்த இடம். 1870களில் மதராஸ் வனத்துறை வெளிநாட்டிலிருந்து விதை தருவித்து ஆரம்பித்த கதை இந்த ஊர்க் கண்மாய் வரைக்கும் வந்து நிற்கிறது. மேலே வெட்டினால் தூரிலிருந்து துளிர்க்கும், ஆடு காயைத் தின்றால் புழுக்கையோடு விதை ஊர் ஊராகப் போகும். இவர்கள் மேலாக வெட்டி விடாமல் வேரோடு தோண்டி எடுத்திருக்கிறார்கள். வரத்துக்காலை மூன்று மைல் நடந்து நடந்து தூர் எடுத்திருக்கிறார்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. பல ஊர்களில் கண்மாயை மட்டும் தோண்டிப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், தண்ணீர் வரும் வழி அடைந்தே கிடக்கும். அள்ளிய கரம்பை மண்ணை வயலில் போட்டவர்கள், மிளகாய்ச் செடி முன்னைவிட நாலு நாள் கூடுதலாக வாடாமல் நிற்கிறது என்று சொன்னார்கள். இந்த மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தச் செடிதான்.

உனக்கு இந்தச் சீமை தெரியும். வருஷத்துக்கு 800 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே மழை, அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். நிலத்தடித் தண்ணீர் நிறைய இடங்களில் உப்பு. போர் போட்டுத் தப்பிக்க வழியில்லை. கண்மாயும் ஊரணியும்தான் கதி. 2016இல் வடகிழக்குப் பருவமழை நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் பொய்த்ததையும், அடுத்த ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி என்று அறிவித்ததையும் இந்த ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்கிறது. அப்புறம் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஒரு வருஷத்து மழை கொட்டியது. இரண்டையும் தாங்குகிற கண்மாய்தான் இனிமேல் வேண்டும். வறண்டாலும் உடையக்கூடாது, வெள்ளம் வந்தாலும் உடையக்கூடாது.

எங்கள் படிவத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? கரையின் நீளம், அள்ளிய வண்டல் எத்தனை கனமீட்டர், நட்ட கன்று எத்தனை, அதில் பிழைத்தது எத்தனை, பயிற்சி எடுத்த பெண்கள் எத்தனை பேர், ஷட்டர் மாட்டியாயிற்றா. எல்லாவற்றிலும் மதிப்பெண் நிறைய. கூட வந்தவர்கள் இரண்டாம் நாளே கிளம்பத் தயாராகிவிட்டார்கள். நான்தான் நீர்பாய்ச்சித் தாத்தாவைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று அடம் பிடித்தேன்.

தாத்தா வீட்டு முற்றத்தில் ஒரு பழைய கல் உரல் கிடக்கிறது. அதுதான் அவர் மழைமானி. எத்தனை விரல்கடை தண்ணீர் நின்றால் எத்தனை உழவு மழை என்று கணக்கு வைத்திருக்கிறார். எங்கள் குழு வைத்த பிளாஸ்டிக் மழைமானி பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் வெயிலில் வெளுத்துப்போய்த் தொங்குகிறது, அதைப் பார்த்து எழுத ஆள் இல்லை. தண்ணீர் குறைந்த வருஷத்தில் மடையைத் தொட அவரைத் தவிர யாருக்கும் உரிமை கிடையாது. முறை வைத்து அவர்தான் பாய்ச்சுவார், தலைமடைக்காரன் கடைமடைக்காரன் என்று பார்க்கமாட்டார். அறுவடையில் களத்தில் அவருக்கு நெல் அளந்தார்கள். இப்போது பாதிப் பேர் அளப்பதில்லை, மகன் லாரி ஓட்டப் போய்விட்டான். அவருக்குப் பிறகு யார் என்று கேட்டேன். புது ஷட்டரின் திருகைக் காட்டி, "இதைத் திருக யாருக்கும் தெரியும் தாயி, எப்பத் திருகக் கூடாதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். படிவத்தில் 'ஷட்டர்: உண்டு' என்று எழுதிவிட்டு வந்தவள் நான்.

அன்று சாயங்காலம் அவரே என்னைக் கலுங்குக்கு, கண்மாய் நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடத்துக்கு, கூட்டிக்கொண்டு போனார். பழைய கருங்கல் கட்டுமானம், பாசி காய்ந்து கறுத்துக் கிடக்கிறது. அதன் தலையில் புதுசாகச் சிமெண்டில் கட்டி ஏற்றியிருக்கிறார்கள். முட்டியை மடக்கி உட்கார்ந்து, முழங்கையைக் கல்லின் மேல் ஊன்றிக் கையை நிமிர்த்திக் காட்டினார். நடுவிரல் நுனியும் சிமெண்டின் விளிம்பும் சரியாகப் பொருந்தின. ஒரு முழம். அந்த ஒரு முழத்தால் கண்மாயில் தண்ணீர் கூடுதலாக நிற்கிறது, அறிக்கையில் கொள்ளளவு கூடிவிட்டது, எங்கள் மதிப்பெண்ணும் ஏறிவிட்டது. ஆனால் இங்கே கண்மாய் எதுவும் தனியாக இல்லையே கீச்சு. மேல்கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால்தான் கீழ்க்கண்மாய்க்குத் தண்ணீர். மறுநாள் காலையில் கீழூருக்கு நடந்தே போனேன். இரண்டு மைல்கூட இருக்காது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. ஆனியில் எல்லாக் கண்மாயும் அப்படித்தான் கிடக்கும், அதை வைத்து நான் சொல்லவில்லை. நல்ல மழை பெய்த வருஷத்திலும் தைக்கு முன்னாலேயே தண்ணீர் தீர்ந்து நெல் பால் பிடிக்கும் நேரத்தில் கருகியது என்று அங்கே பெண்கள் சொன்னார்கள். மேலூர்மேல் கோபமாகக்கூட அவர்கள் பேசவில்லை. "அவுக ஊரு நல்லா இருக்குன்னு படம் எல்லாம் எடுத்தாகளாம்" என்று ஒருத்தி சொன்னாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நம் படிவத்தில் கீழூருக்கு ஒரு வரிகூட இல்லை.

கடைசி நாள் ஊர்க்கூட்டம். சங்கத் தலைவர் பேசினார், நிறுவனத்துப் பையன் பேசினான், 'சமுதாயமே முன்னின்று' என்ற வார்த்தை பத்துத் தடவை வந்தது. பின்னால் வேப்பமரத்தடியில் நின்ற ஓர் அம்மா, கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர், "சமுதாயம்னா அதுல நாங்க உண்டா?" என்று கேட்டார். சத்தமாகக் கேட்கவில்லை, ஆனாலும் கூட்டம் அடங்கிவிட்டது. சீமைக்கருவேலை வெட்டி, அடுக்கி, வைக்கோலும் மண்ணும் பூசி, புகை எப்போது நிறம் மாறும் என்று இராப்பகலாகக் காவல் இருந்து கரி எடுத்தவர்கள் அவர்கள். நிலம் இல்லை. சங்கத்தில் ஓட்டு நிலம் உள்ளவருக்குத்தான். 2017இல் அரசு குடிமராமத்தை, ஊரே சேர்ந்து கண்மாயைச் செப்பனிடும் பழைய முறையை, மறுபடி தொடங்கியபோது செலவில் பாசனதாரர் பங்கு நூற்றுக்கு 10 என்றார்கள், ஞாபகம் இருக்கிறதா? பங்கு கொடுப்பவர் ஊர், மற்றவர் கூலி. மரம் போனதும் அவர்கள் பிழைப்பும் போயிற்று, அதற்கு மாற்றாக யாரும் எதுவும் யோசிக்கவில்லை. ஆடு மேய்க்கும் கீதாரிகள் கதையும் இதுதான். கன்று நட்டதும் உள்வாயைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள். ஆட்டைப் பல வருஷமாக ஓட்டிப் போன தடம் அடைபட்டுவிட்டது. ஆடு வராததால் வயலில் ஆட்டை அடைத்து எருப்போடும் கிடையும் இல்லை, கிடை இல்லாததால் இப்போது வயலுக்கு உரமூட்டை வாங்குகிறார்கள். இதை நிலம் உள்ள ஒரு பெரியவரே என்னிடம் சலித்துக்கொண்டு சொன்னார்.

சீமைக்கருவேலை அப்படியே விட்டிருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அது போனது சரிதான். போக்குவதற்கு முன்னால் அதை நம்பி இருந்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆதங்கம்.

அப்போதுதான் நீ மகாராஷ்டிரத்துக் கிராமமான ஹிவரே பஜாரிலிருந்து எழுதிய அந்தப் பழைய கடிதத்தை எடுத்துப் படித்தேன். வருஷாவருஷம் மழையை அளந்து, கிணற்றுத் தண்ணீரை அளந்து, மனுஷருக்கும் மாட்டுக்கும் குடிக்க முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு என்ன பயிர் என்று கிராமசபையில் முடிவு செய்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். விவசாயத்துக்குப் போர் கூடாது, கரும்பு கூடாது என்ற கட்டுப்பாட்டைப் பற்றியும் இரண்டு பக்கம். அன்றைக்கு அது உன் வழக்கமான உற்சாகம் என்று நினைத்தேன். இப்போதுதான் புரிகிறது, அங்கே நடந்த பெரிய வேலை தடுப்பணை இல்லை, அந்தக் கணக்கை எல்லோர் முன்னாலும் வைத்துப் பேசியது.

ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டின் மராடிப் பக்கம் நடந்ததும் நினைவுக்கு வந்தது. அங்கே வேலை செய்த ஆஸ்திரேலியர் டோனி ரினாடோ 1980களில் கன்று நட்டு நட்டுப் பார்த்தும் பிழைக்கவில்லை. பிறகுதான், வெட்டுப்பட்ட மரங்களின் தூர் மண்ணுக்கடியில் உயிரோடு இருப்பதையும், துளிர்களில் நல்லதாக நாலைந்தை விட்டு மற்றதைக் கழித்தால் மரமாகிவிடும் என்பதையும் கவனித்தார். தூரிலிருந்து துளிர்க்கிற அதே குணம் இங்கே நமக்குத் தலைவலி, அங்கே வரம். 50 லட்சம் ஹெக்டேரில் மரம் திரும்பியது என்று பின்னால் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டார்கள். மரம் எல்லாம் அரசுக்குச் சொந்தம் என்று இருந்தவரை யாரும் காக்கவில்லை. என் வயலில் முளைப்பது எனக்கு என்று நம்பிக்கை வந்த பிறகுதான் காத்தார்கள். அந்தக் கரிமூட்டக்கார அம்மாவுக்கு இந்தக் கண்மாயில் எது சொந்தம், சொல்?

இப்போது என் சிக்கலுக்கு வா. கலுங்கு, கீழூர், கரிமூட்டம், கீதாரி, தாத்தாவுக்குப் பிறகு யார் என்பது, எல்லாவற்றையும் அறிக்கையில் எழுதிவிட்டேன். கூடவே இன்னொன்றும் எழுதினேன்: இரண்டு நல்ல மழை வருஷத்தை வைத்து இந்த ஊர் வறட்சியைத் தாங்கும் என்று சொல்ல முடியாது, பக்கத்தில் தூர் எடுக்காத கண்மாய் ஒன்றையும் அதே வருஷத்தில் பார்க்க வேண்டும், மழை பொய்த்த வருஷம் ஒன்றில் திரும்ப வர வேண்டும் என்று. படித்த மேலதிகாரி, "இதை இப்படியே கொடுத்தால் அடுத்த கட்டப் பணம் நின்றுவிடும். வரத்துக்கால் தூர் எடுத்த அந்த ஊர்க்காரர்களுக்கு நீ செய்கிற நன்மை இதுதானா?" என்று கேட்கிறார். அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கேள்வியும் தப்பில்லை, அதுதான் என்னை அரிக்கிறது. பணம் நின்றால் அடுத்த சங்கிலியில் உள்ள ஏழு கண்மாய்க்கு வேலை நடக்காது. எழுதாவிட்டால் அந்த ஏழு கண்மாயிலும் ஒரு முழம் ஏற்றுவார்கள்.

எழுதத்தான் போகிறேன், அதில் மாற்றம் இல்லை. ஆனால் எப்படி எழுதினால் நிறுத்தாமல் திருத்துவார்கள் என்று நீ யோசித்துச் சொல். கலுங்கை இறக்குவதற்கு ஆகிற செலவையும், மேலூரும் கீழூரும் சேர்ந்து உட்காரும் கூட்டத்தையும் அடுத்த கட்ட வேலையிலேயே சேர்க்கச் சொல்லலாமா? ஹிவரே பஜார்க் கணக்குப் பலகையை நீ நோட்டில் வரைந்து வைத்திருந்தாயே, எங்கே வைத்திருக்கிறாய்? அதைத் தேடி எடுத்து அனுப்பு. பரணில் இருக்கிறது, ஏணி இல்லை என்று சாக்குச் சொன்னால் நான் கேட்கமாட்டேன், உன் வீட்டுக்காரர் உயரத்துக்கு ஏணி எதற்கு?

அறிக்கை ஆவணி பத்தாம் தேதிக்குள் போக வேண்டும். புரட்டாசியில் புழுதி விதைப்புக்கு நான் மறுபடி அங்கே போகிறேன், முடிந்தால் நீயும் வா. உரல் பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்து, மழை பெய்கிற நாளெல்லாம் விரல்கடையை எழுதித் தருகிறாயா என்று தாத்தாவின் பேத்தியைக் கேட்டிருக்கிறேன். எட்டாவது படிக்கிறாள். சரி என்று தலையாட்டிவிட்டு, "மழை பெய்யாத நாளையும் எழுதணுமா அக்கா?" என்று கேட்டாள். எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்
நெட்டச்சி