அந்தக் கழிவறை டோக்கனை எடுத்துவிடுங்கள்: பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர், அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர் பக்கம் பனியன் கம்பெனி நடத்தும் முதலாளிகளுக்கும், தையல் மிஷின் வரிசையான லைனைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர்களுக்கும் வணக்கமுங்க.

நான் 19 வருடம் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். சம்பளம், போனஸ் பற்றி எழுத வரவில்லை. மூலத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். பைல்ஸ் என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று நினைக்கிறோம், ஆனால் இரண்டும் ஒன்றுதான். இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லவே எனக்கு எட்டு மாதம் ஆனது. முதலாளியிடம் எந்தப் பெண் வந்து சொல்வாள்? அதனால்தான் கடிதம்.

எங்களுக்குப் போட்டிருந்தது மர ஸ்டூல். வெட்டி மிஞ்சிய துணி, கட்டிங் வேஸ்ட்டை அடுக்கி, மேலே ஒரு துணியைச் சுற்றி, குஷன் மாதிரி நாங்களே கட்டிக்கொள்வோம். அவரவர் உட்காரும் வாகுக்கு அதில் பள்ளம் விழும். நான் புதிதாகக் கட்டிய குஷனில் பத்தே நாளில் இடது பக்கம் மட்டும் பள்ளம் விழுந்திருந்தது. வலது பக்கம் பாரம் வைக்க முடியாத வலி. பக்கத்து மிஷின் அக்கா அதைப் பார்த்துவிட்டு, மிஷினை நிறுத்தாமலே, "உனக்கும் இருக்குதா சாமி?" என்று கேட்டார். அந்த "உனக்கும்" என்ற சொல்லில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. எங்கள் லைனில் எத்தனை பேர் கருப்புச் சுடிதாராகப் பார்த்துப் போட்டு வருகிறார்கள் என்று அப்புறம்தான் கவனித்தேன். அந்த மாதம் ஓடியது வெள்ளை ஆர்டர். தைக்கிற பீஸில் ரத்தக்கறை பட்டுவிடுமோ என்று ஒவ்வொரு தடவை எழும்போதும் ஸ்டூலைத் திரும்பிப் பார்ப்பேன்.

இது உடம்புச் சூட்டால் வருகிறது, கோழிக்கறி தின்றால் வருகிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். டாக்டர் சொன்னது வேறு. ஆசனவாய்க்கு உள்ளே, ரத்தக்குழாய் நிறைந்த மெத்தை போன்ற சதை எல்லோருக்கும் இருக்கிறதாம், பெரும்பாலும் மூன்று இடத்தில். காற்றும் நீரும் தானாகக் கசியாமல் அடைத்து வைக்க அது வேண்டும். மலம் இறுகி, முக்கி முக்கிப் போகும்போது அந்த மெத்தை வீங்குகிறது, பிடிமானம் தளர்ந்து கீழே இறங்குகிறது. பனியனில் கழுத்துப் பட்டியான ரிப்பை இழுத்து இழுத்துப் போட்டால் லூசாகிப் போகுமே, அந்த மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். கர்ப்பகாலத்தில் பாரமும் மலச்சிக்கலும் சேர்ந்து நிறையப் பெண்களுக்கு வருகிறது. மிளகாய் எரிச்சலைக் கூட்டலாம், மூலத்தை உண்டாக்குவதில்லை.

சரி, இதற்கும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள்.

எங்கள் லைன் வீட்டில் ஆறு குடும்பத்துக்கு இரண்டு கழிவறை. வேன் ஏழு மணிக்கு வந்துவிடும். காலையில் வயிறு தானாகக் கூப்பிடும் நேரத்தில் நான் வாளியோடு வரிசையில் நிற்பேன், இல்லையென்றால் வேனில் இருப்பேன். சாப்பிட்டதும் குடல் அசைந்து மறுபடி ஒரு தடவை கூப்பிடும், எல்லோருக்கும் உள்ள இயற்கை அது. அப்போது மிஷினில் இருப்பேன். சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் இரண்டு டோக்கன் தொங்கும், ஓட்டை போட்ட வட்டப் பிளாஸ்டிக், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. லைனில் 43 பேர். டோக்கன் ஆணியில் இருந்தால் போகலாம். இல்லையென்றால் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். அடக்கினால் மலம் குடலிலேயே நிற்கும், குடல் அதிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரு ஷிப்ட்டும் அதற்கு மேல் அரை ஷிப்ட்டும் முடிந்து ராத்திரி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் கல் மாதிரி இருக்கும். முக்காமல் எப்படிப் போகும்?

டோக்கன் கிடைக்காது என்று தெரிந்ததும் நாங்கள் செய்த அடுத்த புத்திசாலித்தனம், தண்ணீர் குடிப்பதை நிறுத்தியது. கேன் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பதினொரு மணிக்கு டீயும் பன்னும், நாலு மணிக்கு டீயும் போண்டாவும், அதோடு சரி. எங்கள் அப்பிச்சி, தாத்தா காலத்தில் கம்மஞ்சோறும் ராகிக்களியும் கொள்ளும் தின்ற வயிறு இது. இப்போது மைதாவும் டீயும்.

2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒருவர் எனக்குப் படித்துக் காட்டினார். தொழிலாளர்கள் ஆலையில் இருக்கும் நேரம் முழுவதும், எந்த நேரத்திலும் போகக்கூடியதாகக் கழிவறை இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. டோக்கன் கிடைக்கும் நேரத்தில் என்று இருக்கவில்லை. துணி வாங்கும் வெளிநாட்டு பையர் கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு வரும் நாளில் மட்டும் அந்த ஆணியில் காலண்டர் தொங்கும்.

சூப்பர்வைசர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய் இருபது நிமிடம் உட்காருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அப்படி உட்கார்ந்தே இருப்பதும் மூலத்துக்கு வழிதான். வந்தால் வரட்டும், ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். போனை வெளியே வைக்கச் சொல்லுங்கள், அதில் எங்களுக்கு வருத்தமில்லை. அதற்காக 43 பேர் வயிற்றையும் பூட்டாதீர்கள்.

வைத்தியத்துக்கு வருகிறேன். "ஆபரேஷன் இல்லாமல் ஒரே ஊசியில் மூலம், பவுத்திரம் குணம்" என்ற போர்டைப் பார்த்து நான் முதலில் ஓர் இடத்துக்குப் போனேன். என்ன ஊசி என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உள்ளே புண்ணாகி, பன்னிரண்டு நாள் காய்ச்சலும் வலியுமாகக் கிடந்தேன். அந்தச் செலவு என் மூன்று வாரச் சம்பளம். முறையான டாக்டர்கள் போடும் ஊசியும் உண்டு, அது தெரிந்த மருந்து, தெரிந்த அளவு. வித்தியாசம் தெரியாமல் போனது என் தப்பு. போகவைத்தது வெட்கம்.

அப்புறம் அரசு ஆஸ்பத்திரியில் சிறு குழாய் மாதிரி ஒரு கருவி வைத்துப் பார்த்தார்கள், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மூலத்தில் நாலு நிலை இருக்கிறது. முதல் நிலையில் ரத்தம் மட்டும் வரும். இரண்டாவதில் சதை வெளியே வந்து தானாக உள்ளே போகும். மூன்றாவதில் விரலால் தள்ள வேண்டும். நாலாவதில் தள்ளினாலும் போகாது. எனக்கு இரண்டாவது. நான் ஒரு பக்கமாக உட்கார்ந்ததற்குக் காரணம் வெளியே தனியாக ரத்தம் கட்டியிருந்த ஒரு முடிச்சு, அது தானாகவே வற்றிப்போயிருந்தது. உள்ளே இருந்ததன் அடியில் சின்ன ரப்பர் வளையம் போட்டார்கள். அந்த இடத்தில் வலி தெரியும் நரம்பு கிடையாதாம், கனமாக இருந்ததே தவிர வலிக்கவில்லை. ரத்த ஓட்டம் நின்று ஒரு வாரத்தில் அது தானாக விழுந்தது. ஆபரேஷன் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை, முற்றிய நிலைக்குத்தான்.

ஆரம்பத்திலேயே போயிருந்தால் வளையமும் வேண்டியிருக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து, பதினைந்து நிமிடம் உட்காருவது, ராத்திரி மலத்தை இளக்கும் இசப்கோல் உமியும் அதோடு நிறையத் தண்ணீரும், தட்டில் கீரை, கொய்யா, சிறுதானியம். இதிலேயே நிறையப் பேருக்கு அடங்கிவிடுகிறது. துத்திக்கீரையும் கருணைக்கிழங்கும் எங்கள் வீட்டிலும் செய்வோம், தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் ரத்தத்தைப் பார்த்த பிறகு கீரையை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. எல்லா ரத்தமும் மூலமில்லை. கறுத்த ரத்தம், மலத்தோடு கலந்து வரும் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, வழக்கமாகப் போகும் முறையே மாறுவது, இதெல்லாம் இருந்தால் குடல் புற்றுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் இன்னும் சீக்கிரம் போக வேண்டும்.

எட்டு மாதம் சொட்டுச் சொட்டாகப் போனதில் எனக்கு ரத்தம், அதாவது ஹீமோகுளோபின், ஏழு பாயிண்ட்தான் இருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கும், மதியம் கண் இருட்டும், பீஸ் குறையும். "வரவர மந்தமாயிட்டே அம்மிணி" என்று சூப்பர்வைசர் சொன்னார். அவருக்கு என்ன தெரியும் பாவம். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள், அது இன்னும் மலத்தை இறுக்கியது. அந்தக் கொடுமையைத் தனிக் கடிதமாகத்தான் எழுத வேண்டும்.

கேட்பது பெரிய காரியமில்லை. டோக்கனை எடுத்துவிடுங்கள். காலையில் வேன் வந்து இறங்கியதும் மிஷின் ஓடுவதற்கு முன்னால் பத்து நிமிடம் விடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நிற்கவும் நடக்கவும் சொல்லுங்கள். டீ டைம் போண்டாவுக்குப் பதிலாக வாரத்தில் மூன்று நாள் சுண்டலோ கொய்யாவோ போட்டுப் பாருங்கள். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு எங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறீர்கள், நீங்கள் 3.25 சதவீதம் கட்டுகிறீர்கள். டாக்டர் லீவு எழுதிக் கொடுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும் என்பது லைனில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்குச் சுத்தமாகத் தெரியாது. அவர்கள் மொழியில் எழுதி ஒட்டுங்கள்.

இன்னொன்று. ஆள் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் கம்பெனிப் பெண்கள் கழிவறைக்கு நீங்களே ஒரு தடவை போய்ப் பாருங்கள். நான் இருந்த இடத்தில் நாலு கதவில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவோம். உங்களுடையதில் எத்தனை இல்லை என்று எண்ணுங்கள், திங்கட்கிழமை ஆள் வருவதற்குள் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஓவர்லாக் டெய்லர்