பிள்ளையளுக்கு விசா எடுக்கக் குடுத்த காசு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

வெளிநாட்டில சிற்றிசன் எடுத்துப்போட்டு, பிறகு ஊரோட இருப்பம் எண்டு வந்து, இப்ப திரும்பவும் குடும்பத்தோட வெளிக்கிடுற ஆக்கள் வெள்ளவத்தையில எங்கட லேனிலயே நாலு வீடு இருக்கு, நாங்களும் அதில ஒண்டு. அவையளுக்காகத்தான் எழுதுறன், இடமிருந்தா போடுங்கோ.

நான் 1999ல கனடா போய் 2004ல சிற்றிசன் எடுத்தனான், 2012ல அம்மாவுக்கு ஏலாமப் போக இங்க வந்து, கலியாணம் கட்டி, பிள்ளையள் ரெண்டும் கொழும்பிலதான் பிறந்ததுகள். அம்மா போன வருசம் மோசம் போயிட்டா. மனிசி எண்டா 2022ல நான் பெற்றோல் கியூவில காருக்குள்ள ரெண்டு இரவு படுத்ததோடயே போவம் எண்டு சொன்னவ.

நான் சிற்றிசன் தானே, என்ன பெரிய அலுவல் எண்டுதான் நினைச்சன். கொழும்பில ஒரு இடத்தில குடுத்தா எல்லாம் செய்து தருவினம் எண்டு ஒராள் சொல்ல, போய்க் குடுத்தன். அவையள் மனிசியோட ரெண்டு பிள்ளையளையும் சேத்து, கனடாவுக்கு எடுக்கிறதுக்கு ஸ்பொன்சர் ஃபைல் திறந்து, தலைக்கு இவ்வளவு எண்டு காசையும் வாங்கி, இந்தா அந்தா எண்டு ஏழு மாசம் இழுத்தினம். கடைசியில ரொறொன்ரோவில, ஸ்காபரோப் பக்கம் இருக்கிற மச்சான் ஃபோனில கேக்கிறான், "டேய், உன்ர பிள்ளையளை ஏன்டா ஸ்பொன்சர் பண்ணுறாய், அதுகள் பிறக்கேக்கையே சிற்றிசன் எல்லோ?"

உண்மைதான். கனடாவில சிற்றிசன் எடுத்த ஒராளுக்கு அதுக்குப் பிறகு வெளிநாட்டில பிறக்கிற பிள்ளை பிறப்பிலேயே கனடாப் பிரஜை. ஸ்பொன்சரும் பண்ணேலாது, விசாவும் தேவையில்லை. பிரஜாவுரிமைச் சேட்டிபிகேற்றுக்குப் போடோணும், அரசாங்கக் கட்டணம் ஒராளுக்கு 75 கனடா டொலர், அது வந்தா அதை வச்சு பாஸ்போட் எடுக்கலாம், அவ்வளவுதான். நான் எடுத்தது 2004, பெரியவன் பிறந்தது 2013, ரெண்டு திகதியும் ஃபைலின்ர முதல் பக்கத்திலயே கிடந்தது, அவையளும் பாக்கேல்லை, நானும் பாக்கேல்லை. (விசா விளம்பரம் போடேக்க நீங்களும் ஒருக்கா விசாரிச்சுப் போட்டா நல்லம் ஐயா, கோவிக்காதேங்கோ.)

ஸ்பொன்சர் மனிசிக்கு மட்டும்தான். சிற்றிசன் எடுக்காம பிஆரோட (நிரந்தர வதிவிட உரிமையோட) இருக்கிறாக்கள் இங்க இருந்துகொண்டு ஸ்பொன்சர் பண்ணேலாது, சிற்றிசன் பண்ணலாம், ஆனா மனிசிக்குக் கிடைச்சா குடும்பமா அங்க வந்து இருப்பம் எண்டதைக் காட்டோணும். வேலைக்குக் கதைச்ச கடிதம், வீடு பாத்தது, இங்கத்தைய அலுவல் முடிக்கிறது, இப்பிடி.

பிறகு கார் ஓடுற லைசன்ஸ். ரொறொன்ரோவின்ர 401 பெருந்தெருவில எட்டு வருசம் பனிக்குள்ள ஓடினவன் நான், ஆனா அந்த ஒன்ராறியோ மாகாண லைசன்ஸ் காலாவதியாகி பத்து வருசம் தாண்டினா புது ஆள் மாதிரி ஜி1 எண்ட முதல் கட்ட எழுத்துச் சோதனையில இருந்து தொடங்கோணும், பதினாறு வயசுப் பொடியளோட வரிசையில நிக்கப்போறன், மனிசி இப்பவே சிரிக்கிறா. ஒரு நல்ல விசயம், அங்க அரசாங்கச் செலவில வைத்தியம் பாக்கிற காட் கிடைக்க முந்தி மூண்டு மாசம் காத்திருக்கோணும், அதை 2020ல எடுத்திட்டாங்கள்.

அங்க எல்லாம் எனக்குத் தெரியும் எண்டு நான் இருந்ததுதான் பிழை. பெரியவனுக்குச் சின்னனில இருந்து ஸ்காபரோவில பாலத்துக்கு மேல ஓடுற குட்டி ரெயினைப் பற்றிச் சொல்லிச் சொல்லி வளத்தனான், போனதும் முதல் வேலை அதில ஏறுறது எண்டு. போன கிழமை யூடியூப்பைப் பாத்திட்டு வந்து, "அப்பா, அது 2023ல தடம் புரண்டதோட நிப்பாட்டிட்டாங்களாம், இப்ப பஸ்தானாம்" எண்டான். அண்டைக்குத்தான் அலுமாரியில இருந்து பழைய குளிர் ஜாக்கெற்றை எடுத்து உதறினது, பொக்கெற்றுக்குள்ள ரெண்டு பஸ் ரோக்கின் கிடந்தது, அதுவும் இப்ப செல்லாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06