யோர்க் தெருவிலிருந்து அப்பாவுக்கு

பேர்லின்
டிசம்பர் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நாலு பேரும் சுகம். உங்களுக்கும் அம்மாவுக்கும் சுகம் தரச் சொல்லி கோணேசரை வேண்டுகிறேன். அம்மாவின் முழங்கால் நோவுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன், தம்பி கொழும்பில் போய் எடுப்பான்.

புது வீட்டு விலாசம் எழுதினபோது வாடகை எவ்வளவு, எத்தனை அறை என்று ஒன்றும் நீங்கள் கேட்கவில்லை. "யோர்க் ஸ்ராஸவா? எங்கட கோட்டைக்குப் பேர் வைத்த அந்த யோர்க்கா?" என்றுதான் கேட்டீர்கள். சரித்திரம் படிப்பித்த வாத்தியார் வேறென்ன கேட்பார்! போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால்தான் இந்தக் கடிதம். இன்றைய திகதிக்கும் அந்தக் கதைக்கும் சம்பந்தம் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

முதலில் வீடு. மூன்றாம் மாடி, பின் கட்டடம், ஜன்னலைத் திறந்தால் முற்றமும் குப்பைத் தொட்டிகளும். தெருவில் இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால் இரும்புப் பாலங்கள். ஒன்று இரண்டு இல்லை, வரிசையாக, பழைய ரயில் பாதைகளைத் தாங்குகிற பாலங்கள். மழை விட்டு அரை மணித்தியாலம் ஆன பிறகும் பாலத்துக்குக் கீழே சொட்டிக்கொண்டே இருக்கும், அதில் புறா எச்சமும் கலந்திருக்கும். காலமை ஐந்து மணிக்கு நான் வேலைக்குப் போகிற வழி அதுதான். கறுத்த இருட்டு, குளிர் மைனஸ் ஆறு. சின்னவள் பாலை பிரிட்ஜில் வைக்க விடுகிறாள் இல்லை, பல்கனியில் வைத்தால் கரண்ட் மிச்சமாம். உங்கள் பேத்தியேதான்.

ஒரு வசதி இருக்கிறது. வீட்டடியில் ஏறுகிற யூ-7 ரயிலில் அப்படியே இருந்தால் பிரிட்ஸில் முருகன் கோயிலுக்குக் கிட்டக் கொண்டுபோய் விடும்.

இனி யோர்க். கோட்டைக்காரரும் இவரும் வேறு வேறு ஆட்கள். 1803இல் வெள்ளைக்காரன் திருகோணமலைக் கோட்டைக்குப் பெயர் வைத்தது தன் ராஜாவின் மகன், யோர்க் கோமகன் பிரெட்ரிக்கை நினைத்து. எங்கள் தெருக்காரர் அந்தக் காலத்து ஜேர்மன் ராச்சியமான பிரஷ்யாவின் ஆள், 1759இல் பொட்ஸ்டாமில் பிறந்தவர். குடும்பம் பொமரேனியாப் பக்கத்துச் சின்னப் பிரபுக்கள். ஆனாலும் தாங்கள் இங்கிலாந்து வம்சம் என்று சொல்லிக்கொள்வார்களாம். ஊருக்கு ஊர் இது இருக்கிறது, இல்லையா?

இளம் வயதிலேயே பட்டாளத்தில் சேர்ந்தவர். பவேரியச் சண்டைக் காலத்தில் மேலதிகாரி ஒருவன் தேவாலயப் பீடத்துத் துணியைக் கொள்ளையடித்துவிட, அவனுக்கு மரியாதை செய்ய மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொள்ளை வேறு, களவு வேறு என்று ராஜா சொன்னதாக ஒரு கதை. அந்த ராஜாவுக்கும் பெயர் பிரெட்ரிக்! கோட்டைச் சிறை, பிறகு வேலையும் போயிற்று.

நீங்கள் கதிரையை விட்டு எழும்பப் போகிற இடம் இதுதான். வேலை போனவர் எங்கே போனார் தெரியுமா? ஒல்லாந்தக் கம்பனிக்கு. டி மியூரோன் என்ற சுவிஸ் ரெஜிமென்டில் கப்டனாகி, 1783-84இல் கிழக்கிந்தியப் பக்கத்துச் சண்டைகளுக்குக் கப்பல் ஏறினார். அதே ரெஜிமென்ட்தான் பின்னாளில் இலங்கையில் ஒல்லாந்தருக்குக் காவல் நின்று, 1795இல் இங்கிலீஷ்காரன் பக்கம் மாறியது. அப்படி மாற வைத்த கிளெக்ஹோர்னின் கதையை நீங்கள் கரும்பலகையில் எழுதிப் போட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கிழவர் பிரெட்ரிக் செத்த பிறகுதான், 1787இல், யோர்க்கைத் திரும்பச் சேர்த்தார்கள். காட்டிலும் வேலியோரத்திலும் பரவி நின்று சுடுகிற இலேசுக் காலாட்படையைப் பழக்குவதில் அவர் கெட்டிக்காரர். 1806இல் நெப்போலியன் பிரஷ்யாவை அடித்து நொறுக்கியபோது பின்வாங்கின படைக்குப் பின்னால் நின்று மறித்தவர், லூபெக்கில் காயப்பட்டுப் பிடிபட்டார். ஆள் புரட்சிக்காரர் இல்லை. பண்ணையடிமை முறையை ஒழித்த மந்திரி ஸ்டைன் பதவி இழந்தபோது சந்தோஷப்பட்ட பழமைவாதி அவர். எனக்கு அவரில் அவ்வளவு பிரியம் இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

1812இல் நெப்போலியன் ரஷ்யாவுக்குப் போகும்போது பிரஷ்யாவும் 20,000 பேரைக் கொடுக்க வேண்டி வந்தது. கடைசியில் அந்தப் படை யோர்க்கின் கையில், ரீகா பக்கத்தில். மொஸ்கோவிலிருந்து பிரெஞ்சுப் படை செத்துச் செத்துத் திரும்புகிறது. ரஷ்யர்கள் இடையில் புகுந்து இவரைப் பிரெஞ்சுப் படையிலிருந்து பிரித்துவிட்டார்கள். ரஷ்யச் சீருடையில் ஒரு ஜேர்மன்காரர், கிளவுஸவிட்ஸ், இரவில் கடிதத்தோடு வருகிறார். யோர்க் இருந்த அறையில் விளக்கில்லை. கிட்ட வராதே என்று முதலில் ஏசினாராம். கடிதம் கொண்டுவந்திருக்கிறேன், வெளிச்சம் மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று வந்தவர் கேட்க, மெழுகுதிரி வந்தது. வாசித்தார். இதை நம்பலாமா என்று கேட்டார். பிறகு கையை நீட்டி, "என்னைப் பிடித்துவிட்டீர்கள்" என்றார்.

அடுத்த நாள், 1812 டிசம்பர் 30, தவுரொக்கனுக்குக் கிட்ட ஒரு மில்லில் கையெழுத்து: என் படை இனி இந்தச் சண்டையில் இல்லை. ராஜாவைக் கேட்காமல் செய்தது. பேர்லினிலோ பிரெஞ்சுக்காரன் உட்கார்ந்திருக்கிறான். ஜனவரி 3இல் ராஜாவுக்குக் கடிதம் எழுதினார், நான் செய்தது பிழை என்றால் என் தலையை உங்கள் காலடியில் வைக்கிறேன் என்று.

அப்பா, நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் கொழும்பில் பிளேன் ஏறி, இங்கே வந்து உங்களுக்கு நான் எழுதிய முதல் கடிதமும் இந்த மாதிரித்தான். தலையை வைக்கவில்லை, அவ்வளவுதான். எட்டு மாதம் நீங்கள் பதில் போடவில்லை. யோர்க்குக்கும் ராஜாவின் பதில் நேரே வரவில்லை. பதவி நீக்கம், விசாரணை என்று கட்டளை கொண்டுவந்தவரை ரஷ்யர்கள் வழியில் மறித்துவிட்டார்கள். செய்தி பத்திரிகையில்தான் வந்தது. பிரஷ்யாவில் எந்த ஜெனரலுக்கும் பத்திரிகை மூலம் கட்டளை வந்ததில்லை என்று சொல்லிவிட்டு அவர் தன் பாட்டில் இருந்தார். மார்ச்சில் ராஜாவே நெப்போலியன்மேல் சண்டை அறிவித்து, இவர்மேல் பிழை இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

பிறகு நடந்தது பாடப் புத்தகச் சங்கதி: வார்ட்டன்பேர்க்கில் எல்பே ஆற்றைக் கடந்தது, லைப்சிக்குக்குப் பக்கத்தில் மோக்கர்ன் சண்டை, கவுண்ட் (பிரபு) பட்டம், 1821இல் பீல்ட் மார்ஷல். சிடுமூஞ்சி என்பதால் கிழட்டு ஓநாய் என்று பட்டப் பெயரும் உண்டு. பேத்தோவன் வேறு ஆட்களுக்காக எழுதிய ஒரு மார்ச், அதாவது படைநடை இசை, கூட இவர் படையின் பெயரில் போய் ஒட்டிக்கொண்டது.

அந்த மார்ச்சை எனக்கு முனகிக் காட்டினது வேலைத்தலத்தில் ஒரு பாட்டி. நான் முதியோர் இல்லத்தில் காலமைப் பகுதி பார்க்கிறேன் என்று தெரியும்தானே. என் டொச்சை, அதாவது ஜேர்மன் மொழியை, திருத்துவதுதான் அவவின் பொழுதுபோக்கு. நான் இருக்கிற தெருவைச் சொன்னதும் குளிசையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தா. யோர்க் 1830இல் கண் மூடிய கிளைன் ஓல்ஸ் ஊருக்குக் கிட்டத்தான் அவவும் பிறந்ததாம். சைலீசியா. இப்போது போலந்து. 1945இல் தாயோடு தள்ளுவண்டியில் வெளிக்கிட்ட சின்னப் பிள்ளை. வீட்டைப் பூட்டித் திறப்பைத் தாய் சட்டைக்குள் தைத்துக்கொண்டுவந்ததாகச் சொன்னா. நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுத் திறப்பு 90இல் அம்மாவின் கொட்டைப்பெட்டிக்குள் இருந்தது.

யோர்க்கின் வழியில் வந்த பீற்றர் என்பவரும் கிளைன் ஓல்ஸில்தான் பிறந்தவர். ஹிட்லரைக் கொல்லப் பார்த்த 1944 ஜூலை 20 சதியில் பிடிபட்டு, ஆகஸ்ட் 8இல் இதே பேர்லினில் தூக்கில் போட்டார்கள். பாட்டி இதைச் சொல்லும்போது குரலைத் தணித்தா. எண்பது வருஷம் ஆகியும்.

நானும் எங்கள் ஊர்க் கதை சொன்னேன். கோட்டைக்குள் கோயில், கோயில் வழியில் மான்கள், சனத்திடம் வாழைப்பழம் வாங்கித் தின்னும் என்று. கோட்டைக்குள் மானா? அவ நம்பவே இல்லை, டொச் பிழையாகக் கதைக்கிறாய் என்கிறா. தம்பியிடம் சொல்லிக் கோட்டை வாசலோடு மான் நிற்கிற படம் ஒன்று எடுத்து அனுப்புங்கள். வெறும் மான் மட்டும் வேண்டாம், வாசலும் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மூத்தவள்