மார்க் ஆன்டனி லோவர் வாத்தியாருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய லோவர் சார்,

வணக்கம். 1846 ஜூன் 18 அன்று, தென் இங்கிலாந்தின் சசெக்ஸ் மாவட்டத்து லூயிஸ் ஊரில் நீங்களும் நண்பர்களும் கூடி ஆரம்பித்த சசெக்ஸ் தொல்லியல் கழகம் இன்னும் நடக்கிறது. முதலில் இந்த நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் 1876-ல் கண்ணை மூடினீர்கள். அதற்குப் பிறகு கழகத்துக்கு என்னென்ன நேர்ந்தது என்று உங்களுக்கு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கூடவே எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அதையும் உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

நானும் வரலாற்று வாத்தியார்தான். அதனால்தான் கழகத்தைத் தொடங்கிய அத்தனை பேரிலும் உங்களிடம் எனக்கு இத்தனை ஒட்டுதல். வில்லியம் ஹென்றி பிளாவ் வசதியானவர். 1264-ல் அரசரும் பிரபுக்களும் மோதிய லூயிஸ் போரைப் பற்றி நிதானமாக உட்கார்ந்து புத்தகம் எழுத அவருக்கு முடிந்தது. புரவலர் பட்டியலில் பிரபுக்கள் இருந்தார்கள். நீங்களோ சிடிங்லி கிராமத்துப் பள்ளி ஆசிரியரின் மகன். லூயிஸில் சொந்தமாகப் பள்ளிக்கூடம் நடத்திப் பிழைத்தவர். பகலெல்லாம் பிள்ளைகளோடு கத்திவிட்டு, மிச்ச நேரத்தில் ஆங்கிலக் குடும்பப் பெயர்களின் வரலாற்றை எழுதி 1842-ல் அச்சுக்கும் கொண்டுவந்துவிட்டீர்கள். அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்று இன்னொரு வாத்தியாருக்குத்தான் தெரியும்.

கழகம் பிறந்த கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரைட்டனிலிருந்து லூயிஸுக்கு ரயில் பாதை போட்டார்கள். அது புனித பாங்க்ராஸ் மடம் இருந்த இடத்தை ஊடுருவிக்கொண்டு போனது. அந்த மடத்தைக் கட்டியவர்கள் வில்லியம் டி வாரன் என்ற நார்மன் பிரபுவும் அவர் மனைவி குண்ட்ராடாவும். எட்டாம் ஹென்றி காலத்தில், 1537-ல் மடத்தை மூடினார்கள். அரசரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் அனுப்பிய இத்தாலியப் பொறியாளர் ஒருவர் ஆள் வைத்து அதைத் தரைமட்டம் ஆக்கினார். பிறகு 300 ஆண்டுகள் அங்கே புல்தான்.

1845 அக்டோபர் 28 அன்று, பள்ளம் வெட்டிக்கொண்டிருந்த கூலியாட்களின் கருவி ஈயத்தில் பட்டது. உள்ளே இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்றடி நீளம்தான், குழந்தையின் சவப்பெட்டி போல. ஈயத்தின் மேல் கயிற்றை அழுத்தி எடுத்தது போல் சாய்சதுரக் கோலம். ஒரு மூடியில் 'குண்ட்ராடா' என்றும் மற்றதில் 'வில்லெல்ம்' என்றும் எழுத்துகள். குண்ட்ராடா 1085-ல் பிரசவத்தில் இறந்தவர், கணவர் 1088-ல். முதலில் புதைத்த இடத்திலிருந்து எலும்புகளை மட்டும் எடுத்துப் பிற்காலத்தில் மறுபடியும் அடக்கம் செய்ததால்தான் பெட்டிகள் அவ்வளவு சின்னவை. குண்ட்ராடாவின் கறுப்புச் சலவைக்கல் மூடி எங்கே இருந்தது தெரியுமா? ஐஸ்ஃபீல்ட் தேவாலயத்தில், யாரோ ஒருவரின் சமாதிக்கு மேல் கிடந்தது. 1775-லேயே அடையாளம் கண்டு சவுத்ஓவர் தேவாலயத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கல்லும் பெட்டிகளும் எலும்புகளும் இப்போது அங்கே ஒரே சிற்றாலயத்தில் இருக்கின்றன.

அதே பாதை வேலையில் ஒரு குழி நிறைய மனித எலும்புகளும் வந்தன. லூயிஸ் போரில் மாண்டவர்களாக இருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். அவற்றை வண்டியில் அள்ளிப் போய் ரயில் பாதையின் கரையில் மண்ணோடு மண்ணாகக் கொட்டிவிட்டார்கள். பிரபுவின் எலும்புக்குத் தேவாலயத்தில் இடம், பெயர் தெரியாதவர்களின் எலும்புக்கு ரயில்வே மேடு. இப்படி எல்லாம் போய்விடுமே என்ற பதற்றம்தான் உங்களைக் கழகம் தொடங்க வைத்திருக்க வேண்டும். ரயில் 1846 ஜூன் 8-ல் ஓடத் தொடங்கியது. பத்தே நாளில் நீங்கள் கூட்டம் போட்டுவிட்டீர்கள்.

சரி, என் மனக்குறைக்கு வருகிறேன். அந்த ஈயப் பெட்டியை முதலில் தொட்ட கூலியாள் யார்? நான் படித்த எந்தக் குறிப்பிலும் அவர் பெயர் இல்லை. பெயர்களுக்கென்றே புத்தகம் எழுதிய உங்கள் கண்ணெதிரில் நடந்த கண்டுபிடிப்பு இது. அந்த ஒரு பெயரையும் குறித்து வைத்திருக்கலாமே சார்! கழகத்தின் வரலாற்றில் இந்தக் குறை மறுபடியும் மறுபடியும் தலைகாட்டுவதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் போன பிறகு வந்தவர்களில் சார்ல்ஸ் டாசன் என்று ஒரு வக்கீல். அக்ஃபீல்டில் தொழில், கழகத்தில் உறுப்பினர். நீங்கள் இருந்தபோதே, 1850 முதல், லூயிஸ் கோட்டை கழகத்தின் பொறுப்பில் இருந்தது அல்லவா? கோட்டை வளாகத்தில் இருந்த கேஸில் லாட்ஜ் வீட்டையும் பிற்பாடு கழகம் பயன்படுத்தி வந்தது. 1903-ல் அந்த வீடு விலைபோனது, வாங்கியவர் டாசன். 1904-ல் கழகம் மூட்டை கட்டி வெளியேற வேண்டியதாயிற்று. சில ஆண்டுகளில் எதிரே இருந்த பார்பிகன் ஹவுஸ் கைக்கு வந்து நிலைமை சீரானது. ஆனால் இது அவர் செய்த மற்ற வேலைகளுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

உங்களுக்கு வலிக்கக்கூடிய விஷயத்தைச் சொல்கிறேன். கழகத்தின் முதல் சுற்றுலாக் கூட்டம் 1846 ஜூலையில் பெவன்சி கோட்டையில் நடந்தது. 1852-ல் நீங்களும் சார்ல்ஸ் ரோச் ஸ்மித்தும் அங்கே அகழ்ந்தீர்கள். அதே பெவன்சியில் ரோமப் பேரரசர் ஹொனோரியஸின் முத்திரை பதித்த செங்கற்கள் கிடைத்தன என்று டாசன் 1907-ல் லண்டனில் காட்டினார். பிரிட்டனில் ரோமர்கள் கடைசிக் காலம் வரை கட்டடம் கட்டினார்கள் என்பதற்கு அதை ஆதாரமாகப் பேசினார்கள். 1973-ல், செங்கல் எப்போது சுடப்பட்டது என்று கணக்கிடும் வெப்ப ஒளிர்வு முறையில் சோதித்தபோது அவை 1900-ஐ ஒட்டிச் சுட்ட செங்கற்கள் என்று தெரிந்தது. அதற்கும் மேலே, 1912 டிசம்பரில், டாசன் கொண்டுவந்த பில்ட்டவுன் மனிதன். குரங்குக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட உயிரின் மண்டையோடு சசெக்ஸ் மண்ணில் கிடைத்தது என்று உலகமே பேசியது. 1953-ல் அது மனித மண்டையோட்டையும் ஓராங்உட்டான் தாடையையும் சாயம் ஏற்றிச் சேர்த்து வைத்த மோசடி என்று நிரூபித்தார்கள். டாசன் 1916-லேயே இறந்துவிட்டார். இன்று ஆய்வாளர்களின் விரல் பெரும்பாலும் அவரை நோக்கித்தான் நீள்கிறது.

கனவானின் வாய்ச்சொல்லை நம்பியதுதான் அத்தனைக்கும் காரணம் என்பது என் எண்ணம். அதே மாவட்டத்தில், அதே காலகட்டத்தில், நேர்மையான ஒருவரை எப்படி நடத்தினார்கள் என்று பாருங்கள். ஜான் புல் முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பியவர். தபால்காரராக வேலை பார்த்தவர். 1922-ல் வொர்த்திங்குக்கு அருகே பிளாக்பேட்ச் குன்றில், புதிய கற்கால மக்கள் தீக்கல்லுக்காகத் தோண்டிய சுரங்கக் குழிகளைக் கண்டுபிடித்தார். உள்ளூர் தொல்லியல் சங்கத்துப் பெரிய மனிதர்கள் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அகழாய்வு அறிக்கை 1924-ல் உங்கள் கழகத்தின் ஆண்டுத் தொகுதியிலேயே வந்தது. தலைப்பின் கீழே நான்கு பேர் பெயர். அதில் புல்லின் பெயர் இல்லை.

அவர் கோபித்துக்கொண்டு விட்டுவிடவில்லை. கையில் காசில்லாமல், தன்னோடு வந்த சில தோழர்களை வைத்துக்கொண்டு தொடர்ந்து தோண்டினார். பிளாக்பேட்ச், சர்ச் ஹில், பிறகு சிஸ்பரி. ஒவ்வொரு குழியையும் வரைந்து, அளந்து, எழுதி வைத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிளாக்பேட்ச் மேட்டை விவசாயத்துக்காகச் சமன் செய்துவிட்டார்கள். இன்று அந்தச் சுரங்கங்களைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அந்தத் தபால்காரரின் நோட்டுகளைத்தான் புரட்ட வேண்டும். 1960-ல், வங்கி ஒன்றில் காவலாளியாக இருந்தபோது, கொள்ளையடிக்க வந்தவன் சுட்டு அவர் இறந்துபோனார். இவரைப் பற்றி யாரிடம் சொன்னாலும் எனக்குக் குரல் கம்மிவிடுகிறது.

கழகம் குறைகளோடு நின்றுவிடவில்லை. அதையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். 1848-ல் நீங்கள் கொண்டுவந்த முதல் தொகுதிக்குப் பிறகு, ஆய்வுத் தொகுதிகள் இன்றுவரை வருகின்றன; 150-ஐத் தாண்டிவிட்டன. எல்.எஃப். சால்ஸ்மன் என்ற ஒரே மனிதர் 1909 முதல் ஏறக்குறைய 50 ஆண்டுகள் அவற்றைப் பதிப்பித்தார். சம்பளம் வாங்கிக்கொண்டு கூட அவ்வளவு காலம் ஒரு வேலையில் ஒட்டியிருப்பது கடினம். பெயர் விட்டுப்போன அந்த மனிதர்கள் யார் என்ற என் கேள்விக்கு இந்தத் தொகுதிகளில்தான் விடை தேடுகிறேன்: ஊர்ப் பெயர், வயல் பெயர், உயில், தேவாலயக் கணக்கு என்று பெரிய வரலாற்றில் இடம் கிடைக்காதவை எல்லாம் இங்கேதான் பிழைத்திருக்கின்றன.

கொடைகளும் வந்தன. லூயிஸ் கோட்டை 1922-ல் கழகத்துக்கே சொந்தமானது. அடுத்த ஆண்டு ஆன் ஆஃப் கிளீவ்ஸ் வீடு. பிறகு பிரீஸ்ட் ஹவுஸ், மிக்கல்ஹம் மடம். இவற்றைவிட எனக்குப் பிடித்தது ஃபிஷ்போர்ன். 1960-ல் சிசெஸ்டர் அருகே குடிநீர்க் குழாய்க்காகப் பள்ளம் தோண்டினார்கள். ரோமக் கட்டடத்தின் இடிபாடு வந்தது. மறுபடியும் கூலி வேலையில்தான் பாருங்கள்! ஆனால் இந்த முறை வேலை செய்தவர்கள் பார்த்ததை உடனே சொன்னார்கள், கேட்க வேண்டியவர்கள் காது கொடுத்தார்கள். பாரி கன்லிஃப் என்ற இளைஞர் 1961 முதல் அகழ்ந்தார். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே தெரிந்தவற்றில் மிகப் பெரிய ரோம மாளிகை வெளிப்பட்டது. இவான் மார்கரி என்ற உறுப்பினர் நிலத்தை விலைக்கு வாங்கிக் கழகத்திடம் ஒப்படைத்தார். 1968-ல் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். டால்ஃபின் மேல் அமர்ந்த கியூபிட் உருவத்தைச் சின்னக் கற்களால் பதித்த தரை, அதே இடத்தில், அதே மண்ணில் இருக்கிறது.

அப்புறம், வில்மிங்டன் குன்றின் நெட்டை மனிதன். குன்றின் சரிவில் வெட்டிய, இரண்டு கையிலும் கழி பிடித்து நிற்கும் அந்த வெள்ளைக் கோட்டுருவை 1874-ல் செங்கல் பதித்துத் தெளிவாக்கியபோது நீங்கள் உயிரோடு இருந்தீர்கள். 1925-ல் டெவன்ஷயர் பிரபு அதைக் கழகத்துக்குக் கொடுத்தார். போர்க் காலத்தில் எதிரி விமானங்களுக்கு அடையாளமாகிவிடக் கூடாதென்று பச்சை வர்ணம் பூசி மறைத்தார்கள். உங்கள் காலத்திலிருந்து அவன் வெகு பழமையானவன் என்றே பலரும் நம்பி வந்தார்கள். 2003-ல் அடிவாரத்து மண்ணைச் சோதித்தபோது, 16 அல்லது 17-ஆம் நூற்றாண்டில் வெட்டியிருக்கலாம் என்று தெரிகிறது. தன் சொத்தின் வயது குறைந்துபோனதற்காகக் கழகம் அவனைக் கைவிடவில்லை. வெள்ளை அடித்துப் பராமரித்துக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் அடுத்த தொகுதிக்கே இதைப் பற்றி ஒரு கட்டுரை கொடுத்திருப்பீர்கள். குன்றின் மேல் முதலில் மண்வெட்டியை வைத்தவர் யார் என்ற கேள்வியையும் அதில் கேட்டிருந்தால், எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும்.

என்றும் அன்புடன்,
ஒரு வரலாற்று வாத்தியார்