மேத்யூ லயன்: சண்டையோடு முடியாத கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க நாடாளுமன்றத்தில் நடந்த அடிதடி பற்றி ஞாயிறு இதழில் வந்த துணுக்கைப் படித்தேன். 1798-இல் வெர்மான்ட் மாநில உறுப்பினர் மேத்யூ லயன், சக உறுப்பினர் ரோஜர் கிரிஸ்வால்டின் முகத்தில் துப்பியதும், இரண்டு வாரம் கழித்து அவர் கைத்தடியால் அடிக்க, இவர் கணப்படுப்பு இடுக்கியால் திருப்பி அடித்ததும் உண்மைதான். துப்பியது தப்பு. ஆனால் லயனைப் போர்க்களக் கோழை என்று முதலில் சீண்டியவர் கிரிஸ்வால்டு. அதை விட்டுவிட்டீர்கள். அதைவிடப் பெரிதாக, அதன் பிறகு நடந்ததையும் விட்டுவிட்டீர்கள்.

லயன் அயர்லாந்தில் பிறந்தவர். கப்பல் கூலிக்கு வழியில்லாமல், உழைத்துக் கடன் தீர்க்கும் ஒப்பந்தத்தில் 1764-இல் கனெக்டிகட் வந்த சிறுவன். அந்த ஒப்பந்தம் ஒரு ஜோடி காளைக்குக் கைமாறியது என்பார்கள். அப்புறம் வெர்மான்டில் ஃபேர் ஹேவன் என்ற ஊரையே உருவாக்கி, இரும்பாலை, காகித ஆலை, அச்சகம் எல்லாம் நடத்தினார்.

1798 ஜூலையில், அதிபரையோ அரசையோ பழித்து எழுதினால் சிறை என்று தேசத்துரோகச் சட்டம் வந்தது. அதிபர் ஜான் ஆடம்ஸ் ஆடம்பரத்துக்கும் முகத்துதிக்கும் அலைகிறார் என்று லயன் அதற்கு முன்பே, ஜூனில், ஒரு பத்திரிகைக்கு எழுதியிருந்தார். அச்சில் வந்ததோ சட்டம் வந்த பிறகு. அதற்குத்தான் 4 மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும். பத்திரிகைக்கு எழுதிய ஒரு கடிதத்துக்கு, ஐயா! அச்சுக்கோப்பாளராக வாழ்நாளைக் கழித்த எனக்கு அதைப் படித்தபோது நெஞ்சு கொதித்தது.

வெர்ஜென்ஸ் சிறையில் குளிரில் கிடந்தவரை, அந்த டிசம்பரிலேயே வெர்மான்ட் மக்கள் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி, அப்போதைய தலைநகர் பிலடெல்பியா திரும்பியவரை ஆடம்ஸ் கட்சியினர் அவையிலிருந்து நீக்கப் பார்த்தார்கள். ஆதரவு 49, எதிர்ப்பு 45. மூன்றில் இரண்டு பங்கு சேராததால் தீர்மானம் தோற்றது. அதிபர் தேர்தலில் ஜெஃபர்சனும் பர்ரும் சமமாக நின்றதால், 1801-இல் மாநிலத்துக்கு ஒரு ஓட்டு என்று அவையே அதிபரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 36-ஆவது சுற்றில் வெர்மான்டின் மற்றொரு உறுப்பினர் விலகி நிற்க, லயனின் ஓட்டால் அம்மாநிலம் ஜெஃபர்சன் பக்கம் போனது. பிறகு கென்டக்கி மாநிலத்திலிருந்தும் 1803 முதல் 1811 வரை உறுப்பினராக இருந்தார்.

அவர் 1822-இல் இறந்தார். அபராதத்தை வட்டியோடு வாரிசுகளுக்குத் திருப்பித் தர நாடாளுமன்றம் முடிவெடுத்தது 1840-இல்தான். இந்த அரைப் பக்கத்தையாவது அடுத்த ஞாயிறு இதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அச்சுக்கோப்பாளர்,
சிவகாசி