படத்தில் விட்டுப்போன பாடகர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஸ்பெயினின் ஆண்டலூசியா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆரஞ்சு மரங்கள் நிற்கும் தெருக்களை நன்றாக எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தப் பகுதியின் இசைக்கலையான ஃபிளமெங்கோவுக்கு ஒதுக்கிய பத்தியில் நடனம், நடனம் என்றே வருகிறது. பாட்டுக்கும் கிதாருக்கும் சேர்த்து அரை வரிதான். படத்திலும் சிவப்புப் பாவாடைதான் விரிந்து நிற்கிறது. இடது ஓரத்தில் ஒரு கிதாரின் கழுத்து தெரிகிறது. அதை ஒட்டி ஒரு முழங்கால், அதன்மேல் ஒரு கை. அந்தக் கை பாடகருடையதாகத்தான் இருக்க வேண்டும். அவருடைய முகம் படத்தில் இல்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1987-இல் நான் வேலை பார்த்த சரக்குக் கப்பல் பழுதுபார்ப்புக்காக ஆண்டலூசியாவின் காதிஸ் துறைமுகத்தில் ஐந்து வாரம் நின்றது. எங்களோடு வேலை செய்த உள்ளூர் வெல்டர் ஒருவர், ஒரு வெள்ளிக்கிழமை இரவு என்னைத் தங்கள் 'பேன்யா'வுக்கு அழைத்துப் போனார். பேன்யா என்பது ஃபிளமெங்கோ ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் மன்றம். நாற்பது பேர் உட்காரக்கூடிய கூடம். முன்னால் இரண்டு நாற்காலிகள். மைக் கிடையாது. ஒரு நாற்காலியில் மீன் சந்தையில் வேலை பார்க்கும் ஒரு பெரியவர், இன்னொன்றில் கிதார்காரர். அன்று இரவு முழுக்க யாரும் எழுந்து ஆடவில்லை. யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

கிதார்காரர் பெரியவரிடம் ஏதோ கேட்டுவிட்டு, 'செஹீயா' என்ற கவ்வியைக் கிதார் கழுத்தில் நான்காவது ஃபிரெட்டில், அதாவது நான்காவது குறுக்குக் கம்பியில், மாட்டினார். குரலுக்கு எது வசதியோ அதுதான் சுருதி; கிதார் அதற்கு ஏற்ப நகர்ந்துகொள்ளும். பெரியவர் கண்ணை மூடி 'ஆய்...' என்று நீளமாக இழுத்தார். இன்னும் சொல் எதுவும் வரவில்லை, குரலைப் பதம் பார்க்கிறார். கிழிந்துபோன மாதிரி ஒரு கரகரத்த குரல். தொண்டை கட்டிவிட்டதோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. அந்தக் கரகரப்பைத்தான் அங்கே உயர்வாக நினைக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எல் ஃபியோ என்ற பாடகரின் பெயரை வைத்து அப்படிப்பட்ட குரலுக்கு 'அஃபியா' என்றே பெயர்.

அவர் பாடியது சொலேயா என்ற ஃபிளமெங்கோ பாட்டு வகை. 12 எண்ணிக்கை கொண்ட சுற்று. அழுத்தம் 3, 6, 8, 10, 12-இல் விழும். வெல்டர் அதை விரல் முட்டியால் மேசையில் மெதுவாகத் தட்டிக் காட்டினார். கிதார் லா, சோல், ஃபா, மி என்ற மேலைச் சுரங்களில் படி இறங்கி வந்து நிற்கும். கடைசி இரண்டுக்கும் நடுவே அரைச் சுரம்தான் இடைவெளி. ஷட்ஜத்தை ஒட்டிய சுத்த ரிஷபத்தைக் கேட்டுப் பழகிய காது அந்த இடத்தில் சட்டென்று விழித்துக்கொள்ளும்.

நான் அதிகம் பார்த்தது கிதார்காரரைத்தான். அவர் தந்திகளைப் பார்க்கவே இல்லை. பெரியவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பாடகர் ஓர் அடியை எவ்வளவு இழுப்பார், எங்கே மூச்சு வாங்குவார் என்று கிதார்காரருக்கும் முன்கூட்டித் தெரியாது. குரல் ஏறும்போது கிதார் அடங்கிப்போகிறது. அடி முடிந்ததும் இரண்டே மீட்டலில் பதில் சொல்கிறது. பாட்டின் ஒரு சரணத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில்தான் அவருக்கென்று ஓர் இடம். அதில் வாசிக்கும் சிறு இசைத்துண்டுக்கு 'ஃபால்செத்தா' என்று பெயர். அப்புறம் அவர்கள் மலகேன்யா என்ற இன்னொரு வகையை எடுத்தார்கள். அதில் கைப்பிடிக்கத் தாளக் கணக்கே இல்லை. குரல் எங்கே போய் இறங்குகிறதோ அந்த நொடியில் சரியான கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) அங்கே காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் காத்திருந்தது. இப்படி ஒரு பக்கவாத்தியத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கூட்டத்திலும் கைதட்டல் இல்லை. இடம் பார்த்து, தாழ்ந்த குரலில் ஓர் 'ஓலே', அவ்வளவுதான்.

உங்கள் வாசகர்கள் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. பாடகர் காமரோன் தெ லா இஸ்லாவிலிருந்து தொடங்கலாம். காதிஸை ஒட்டிய சான் ஃபெர்னாந்தோ ஊர்க்காரர், கொல்லர் வீட்டுப் பிள்ளை, 1992-இல் 41 வயதில் இறந்துபோனார். காமரோன் என்றால் இறால். வெளுத்த நிறத்தைப் பார்த்து மாமா வைத்த செல்லப்பெயர். அவரும் கிதார்காரர் பாகோ தெ லூசியாவும் 1969 முதல் 1977 வரை 9 இசைத்தட்டுகள் பதிவு செய்தார்கள். வேகத்துக்குப் பேர்போன பாகோ, காமரோன் வாய் திறந்ததும் எவ்வளவு பணிந்து வாசிக்கிறார் என்று கவனியுங்கள். அடுத்து பாடகி ஃபெர்னாந்தா தெ உத்ரேராவின் சொலேயா, தியேகோ தெல் காஸ்தோரின் கிதாரோடு. தியேகோ வாசிக்கும் சுரங்கள் கொஞ்சம்தான், ஆனால் ஒன்றுகூட வீண் இல்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது. லா நீன்யா தெ லோஸ் பெய்னெஸ் என்ற பாடகியின் பழைய பதிவுகளும் உண்டு. 1996-இல் ஆண்டலூசிய அரசு அவருடைய குரலையே பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

கொல்லர் உலையோடு சேர்த்துச் சொல்லப்படும் மார்தினேத்தே என்ற வகைக்குக் கிதார்கூடக் கிடையாது. வெறும் குரல்; சில சமயம் பட்டறைக்கல்லில் சுத்தியல் விழும் ஓசை. ஆட்டம் இல்லாமல் ஃபிளமெங்கோ இருக்க முடியும், கிதார் இல்லாமலும் இருக்க முடியும். அதனால்தான் அந்த அரை வரி எனக்குப் போதவில்லை.

'காந்தே' என்ற இந்தப் பாட்டைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். இன்னொரு வேண்டுகோள்: அந்தப் படம் முழுதாக உங்களிடம் இருந்தால், அடுத்த இணைப்பில் வெட்டாமல் போடுங்கள். நாற்காலியில் இருக்கும் இருவரின் பெயரும் தெரிந்தால் ஆடுபவரின் பெயரோடு அவற்றையும் சேருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி